முதுகுக் குடை

கிளிப் மாட்டியாயிற்று. நெஞ்சுக்கு ஒன்று, இடுப்புக்கு ஒன்று. அண்ணன் பெண்டாட்டி மைனிதான் மாட்டிவிட்டாள், என் முகத்தைப் பார்க்காமல், பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கு டை கட்டிவிடுகிற மாதிரி. இனி இறங்க வேண்டியதுதான். இரண்டு கக்கத்திலும் கட்டை, வலது காலில் கம்பி வைத்த பூட்ஸ், முதுகில் பை மாதிரி மாட்டிய ஒரு சட்டம், சட்டத்திலிருந்து தலைக்கு மேலே போகிற தண்டு, தண்டின் உச்சியில் கறுப்புக் குடை. கழுத்திலிருந்து முன்பக்கம் தொங்குகிற துணிப்பைக்குள் பால் பாக்கெட், பாலுக்கு மேலே சின்ன எவர்சில்வர் கிண்ணத்தில் கல்லுப்பு. உப்பை மூடக் கூடாது. புது வீட்டுக்கு முதலில் போகிற பொருள் உப்பு, அதை வாய் திறந்தபடிதான் கொண்டுபோக வேண்டும், இது எங்கள் வீட்டு வழக்கம். ஆரம்பித்த புண்ணியவான் ஆனி மாதத்துச் செங்கோட்டையைக் கண்ணால் கண்டிருக்க மாட்டான். இங்கே ஆனியில் உப்பு ஜாடிக்குள் இருந்தபடியே அழும். நேற்றுச் சாப்பிடும்போது அண்ணன் சொன்னான்: "சரிட்டி, ஒனக்கு அம்புட்டுத் தைரியம் இருந்தா ஒண்ணு செய். ஆட்டோ கெடையாது, கூட ஆளு கெடையாது. இந்தக் கூத்துக் குடைய மாட்டிக்கிட்டு நீயா, வாடகைக்குப் பிடிச்சிருக்கியே, அந்த டீச்சர் வீட்டுக்கு நடந்து போ. உப்பு நனையாமப் போய்ச் சேந்துட்டேன்னா நான் பொறவு வாயத் தொறக்க மாட்டேன். நனைஞ்சுதுன்னா பேசாமத் திரும்பி வந்துரணும்." திரும்பி வந்தால் அடுத்த வாரம் ஆடி. ஆடியில் எவரும் வீடு மாற மாட்டார்கள். ஆவணி வருவதற்குள் இவன் பேசிப் பேசியே என்னைக் கரைத்துவிடுவான், இவனுக்கு அந்தக் கணக்கு நன்றாகத் தெரியும். அவன் கை கழுவி முடிப்பதற்குள் நான் சரி என்று சொல்லிவிட்டேன். காலையிலிருந்து ஆளைக் காணோம். கோபத்தில் எங்கேயோ போய்விட்டான். போகட்டும், அவனை வாசலில் நிற்க வைத்துக்கொண்டு இறங்குவது இன்னும் கஷ்டம். "மொழி, பத்தரைக்கு ராகு காலம் வந்துரும், பாத்துப் போ" என்று மட்டும் மைனி சொன்னாள். பாத்துத்தான் போகணும் மைனி, வேறு எப்படிப் போவேன்.

தெரு ஈரமாக இருக்கிறது. மழை என்று சொல்ல முடியாது, சாரல். மேலேயிருந்து விழாமல் பக்கத்திலிருந்து வருகிற தண்ணீர். குடை கண்டுபிடித்தவனுக்கு எங்கள் ஊர்ச் சாரல் தெரிந்திருந்தால் அவன் வேறு வேலை பார்க்கப் போயிருப்பான். இடது கட்டை, வலது கட்டை, பிறகு நான். இடது, வலது, நான். யளனகபக, யளனகபக. டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் புதிதாகச் சேருகிற பிள்ளைகளுக்கு முதல் பாடம் அதுதான், பார்க்காமல் அடி, விரல் தானாகப் போகும் என்று நான்தான் சொல்லிக்கொடுக்கிறேன், எத்தனையோ வருஷமாக. மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்தால் எனக்கு இருப்பது கை. எழுந்தால் அதே கை கால் ஆகிவிடும். அதனால் எனக்கு இதுநாள்வரை குடை என்பது அடுத்தவர் கையில் இருக்கிற ஒன்றுதான். என் தலைக்கு மேலே வரும், போகும். அதற்கு ஒரு சத்தம் உண்டு. டப். அண்ணன் குடையின் பட்டன். ஒரு கையில் என் புத்தகப் பை இருக்கும் என்பதால் ஒற்றைக் கையால் விரிக்கிற குடையைத்தான் அவன் வாங்குவான், இன்றைக்கும் அப்படித்தான். முதலில் தூறல், பிறகு டப், பிறகு தலைக்கு மேலே இருட்டு, பிறகு பக்கத்தில் அவன் செருப்பு. பள்ளிக்கூடத்திலிருந்து இது ஆரம்பம். குடை முழுவதும் என் பக்கம் சாய்ந்திருக்கும், அவனுடைய இடது தோள் வெளியே இருக்கும். அவன் சட்டைகளில் எல்லாம் இடது தோளில் மட்டும் கரும்புள்ளி விழும், அம்மா இருந்தவரை துவைக்கும்போதெல்லாம் அதைக் காட்டிப் புலம்புவாள், அவன் வேறு தோளே இல்லாதவன் மாதிரி நிற்பான். இதையெல்லாம் நான் இப்போது நினைக்கக் கூடாது. நினைத்தால் திரும்பிவிடுவேன். கீழே பார்த்து நட மொழி. பாசி இருக்கிறது, வேப்ப இலை இருக்கிறது, வேப்ப இலைதான் ரொம்ப மோசம், கட்டை நுனியில் இருக்கிற ரப்பர் புஷ்ஷை அப்படியே வழுக்கிவிட்டுவிடும்.

குடையின் விளிம்பு நெற்றிக்கு நேரே இறங்கி நிற்கிறது. ரோடும், ஆட்களின் இடுப்புக்குக் கீழேயும்தான் தெரிகிறது. கண்ணாடியிலும் பொடிப்பொடியாகத் தண்ணீர். அதுவும் ஒருவிதத்தில் நல்லதுதான், யார் சிரிக்கிறார்கள் என்று பார்க்க வேண்டியதில்லை. சிரிப்பு காதில் விழுகிறது, அது போதும். டீக்கடை வந்துவிட்டது, வாழைக்காய் பஜ்ஜி வாசனை. பெஞ்சில் ஒரு வரிசை வேட்டி. "என்ன டீச்சரம்மா, பாராசூட்டா?" கடைக்கார அண்ணாச்சி குரல். "ஆமா அண்ணாச்சி, எடம் பாத்துக் குதிக்கணும்லா" என்று சொன்னேன். பெஞ்சே சிரித்தது. அவர் சிரிப்பில் ஒன்றும் விஷம் இல்லை, ஆனாலும் என் காது சுடுகிறது. நாற்பது வயது தாண்டியும் காது சுடுவது மட்டும் நிற்கவில்லை. இந்தக் குடை பார்சலில் வந்த அன்றைக்கு வீட்டிலும் இதே சிரிப்புத்தான். நான் போனில் பார்த்து, பத்து நாள் யோசித்து, யாரிடமும் சொல்லாமல் வரவழைத்த சாமான். மாட்டிக்கொண்டு கூடத்தில் நின்றேன். அண்ணன் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். "ஏட்டி, சப்பரத்துல சாமி நிக்கிற மாதிரில்லா இருக்கு!" சாமிக்கும் குடை பிடிக்க ஆள் வேண்டும், எனக்கு அதுகூட வேண்டாம் என்று நான் சொன்னேன். வாயில் வந்தது, சொல்லிவிட்டேன். அவன் சிரிப்பு பாதியில் நின்றுபோனது. எழுந்து போய்த் தோட்டத்துக் குழாயைத் திறந்து காலைக் கழுவினான், கழுவின காலையே மறுபடியும் கழுவினான். அன்றைக்கு நான் பார்த்ததை எந்தப் பக்கம் தள்ளினாலும் அது திரும்பி வந்து நிற்கிறது. நான் சொன்னது அவனைக் குத்துவதற்காக இல்லை. ஆனால் அது உண்மை, உண்மை என்பதால்தான் குத்தியது.

சரி, ஏன் போகிறேன். டீக்கடையைத் தாண்டியதும் இந்தக் கேள்வி வந்துவிடுகிறது. கட்டை தரையில் படுகிற ஒவ்வொரு தடவையும் கேட்கிறது, ஏன் போற, ஏன் போற. வீட்டில் என்ன குறை. ஒரு குறையும் இல்லை. மைனி தங்கம். எனக்குத் தோசை முறுகலாக வேண்டும் என்று அவளுக்குத் தெரியும், என் அறையில் மட்டும் ஈரத்துணி காயப்போட மாட்டாள், தரை வழுக்கும் என்று. குறை இருந்தால் சண்டை போட்டுவிட்டுப் போகலாம், அது எவ்வளவோ சுலபம். ஆனால் அந்த வீட்டில் வானம் இருட்டினால் எல்லாருடைய வேலையும் நின்றுவிடும். மொழி எங்கே, மொழியை யார் கூட்டிக்கொண்டு வருவது. இன்ஸ்டிடியூட் வாசலில் பிள்ளைகள் எல்லாம் சைக்கிளில் போன பிறகு நான் நிற்பேன், பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு. எனக்காக ஒருவன் தன் கடையை அரைகுறையாகச் சாத்திவிட்டு வந்துகொண்டிருப்பான். அந்த நிற்பு இருக்கிறதே, அது எனக்கு ஆகாது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். சித்திரையில் ஒருநாள் அண்ணனும் மைனியும் சமையல்கட்டில் பேசியது என் காதில் விழுந்தது. மதுரையில் பெரிய உரக்கடை, இவனுடைய சிநேகிதன் கூட்டுக்குக் கூப்பிடுகிறான், பிள்ளைகள் படிப்புக்கும் நல்லது. மைனி ஆசையாகக் கேட்டாள். இவன் சொன்னான், "மழைக்கு மொழிய யாரு கூட்டிட்டுப் போவா?" அவ்வளவுதான். அலுப்பு இல்லை, கோபம் இல்லை. தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று சொல்கிற மாதிரிச் சாதாரணமாகச் சொன்னான். மைனியும் மேலே கேட்கவில்லை. கூடத்தில் நான் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். காம்பெல்லாம் கீரையோடு போய்விட்டது. ஒரு குடும்பத்தை ஒரு ஊரோடு கட்டிப்போட நான் யார். எனக்கு அன்றைக்கு வந்தது துக்கம் இல்லை, ஆத்திரம். அந்த ஆத்திரம்தான் இப்போது நடக்கிறது. இன்ஸ்டிடியூட்டுக்குப் பக்கத்துத் தெருவில் ஜெபமணி டீச்சர் வீட்டுக் கீழ்ப்பகுதி காலி என்று தெரிந்ததும் நானே போய்ப் பேசினேன். படி இல்லாத வீடு. கடப்பாக்கல் அடுப்பு மேடை, உட்கார்ந்து சமைக்கலாம். ரிட்டையர் ஆன டீச்சர், ஒற்றை ஆள். "ராகு காலமெல்லாம் எனக்குத் தெரியாதும்மா, நீ எப்ப வந்தாலும் கதவு தொறந்திருக்கும்" என்றாள்.

உப்பு. பார்த்துக்கொள்ள வேண்டும். நின்று, தாடையை நெஞ்சில் ஒட்டி, பைக்குள் எட்டிப் பார்க்கிறேன். கிண்ணத்தின் விளிம்பில் ஒரு பொட்டுத் தண்ணீர். பொட்டுத்தான். உப்பு வெள்ளையாக, காய்ந்து, தெளிவாகக் கிடக்கிறது. சந்தோஷத்தில் நான் நிமிர்வதற்குள் பின்னாலிருந்து தடதடவென்று ஓடிவருகிற பாதம், கொலுசு, அய்யய்யோ அய்யய்யோ என்று மூச்சு. சொர்ணத்தக்கா. எங்கள் தெரு வளைவு வீட்டுக்காரி. என்னைச் சின்ன வயதில் தூக்கி வைத்திருந்தவள். "ஏ பிள்ளே, தனியாவா போற? யாரும் வரலையா? இந்தா, நில்லு நில்லு" என்றபடி தன் பூப்போட்ட குடையைக் கொண்டுவந்து என் குடைக்கு மேலே பிடித்தாள். குடைக்கு மேலே குடை. சத்தியமாக. அவள் தலை நனைகிறது, நான் இரண்டு கூரைக்குக் கீழே நிற்கிறேன். "அக்கா, எனக்குக் குடை இருக்கு, பாருங்க." "இருக்கட்டும், இருக்கட்டும், அது என்ன சாமானோ, நீ நட." இந்தத் தெருவில் யாரையும் குற்றம் சொல்ல முடியாது. மழையில் என்னைக் கண்டால் கை தானாக உயரும், அவர்களுக்கும் அது பார்க்காமல் அடிக்கிற பாடம். ஆனால் யார் குடையில் போகிறேனோ அவர்களுடைய வேகம்தான் என்னுடைய வேகம். காய் வாங்க நின்றால் நானும் நிற்பேன், போனில் பேசினால் நானும் கேட்பேன். வேண்டாம் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. நாளைக்கும் மழை வருமே. அவள் நடந்தாள், நானும் நடந்தேன். அவள் குடைக் கம்பி என் குடைத் துணியில் மாட்டியது. அவள் இழுத்தாள். கையில் பிடித்த குடை என்றால் கை ஆடும். இது என்னையே இழுத்தது, முதுகோடு, இடுப்போடு. வலது கட்டை தரையை விட்டு எழும்பிவிட்டது, கிண்ணம் சரிந்தது, நாலு கல் உப்பு பால் பாக்கெட் மேல் விழுந்த சத்தம்கூட எனக்குக் கேட்டது. "விடுங்கக்கா!" தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரிக் கத்திவிட்டேன். அவள் விட்டாள். கட்டை தரையைத் தொட்டது. கிண்ணம் நேராயிற்று. "எனக்கு வேண்டாம்க்கா. நானே போய்க்கிடுவேன். நீங்க நனையாதீங்க." ஒருவழியாகச் சொல்லிவிட்டேன். பூப்போட்ட குடை கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. பிறகு அவள் யாரிடமோ, எனக்குப் பின்னால், ஏதோ சொல்ல ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டாள். என்னைப் பற்றித்தான் இருக்கும். திமிர் என்றுதான் இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும்.

இப்போது பயம் வந்துவிட்டது. இதுவரை வெட்கம்தான் இருந்தது, வெட்கத்தோடு நடந்துவிடலாம். அந்த இழுப்பு உடம்பில் இன்னும் இருக்கிறது. கையில் பிடித்த குடையைக் காற்று கேட்டால் கொடுத்துவிடலாம். இது கட்டின குடை. கழற்ற வேண்டும் என்றால் கை வேண்டும், கை எங்கே இருக்கிறது. காற்று இதைக் கேட்டால் என்னையும் சேர்த்துத்தான் கொண்டுபோகும். விழுவது எனக்குப் புதிது இல்லை. விழுகிற நேரம் ரொம்ப நீளமாக இருக்கும், பக்கத்தில் இருக்கிறவர்களுக்கு அது தெரியாது. தென்காசி பஸ் ஸ்டாண்டில் விழுந்தேனே, புஷ் தேய்ந்திருந்தது, நான் கவனிக்கவில்லை. குளம் மாதிரித் தேங்கிக் கிடந்த தண்ணீரில் முழு நீளத்துக்கு விழுந்தேன். கண்ணைத் திறந்து பார்த்தால் எனக்கு நேர் மேலே குடை. அண்ணன் ஒரு கையில் என் பையோடு, ஒரு கையில் குடையோடு, குனிந்து, நான் கிடக்கிற இடத்துக்குச் சரியாகக் குடையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். தண்ணீருக்குள் கிடக்கிறவளுக்கு! முகம் வெளுத்து, வாய் கோணி, என்ன செய்வது என்று தெரியாமல். வேறு யாரோ இரண்டு பெண்கள் வந்துதான் தூக்கினார்கள். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு கேட்டேன், "எண்ணே, ஏன் தூக்காம நின்ன?" "நீ நனைஞ்சிரக் கூடாதேன்னு" என்றான். சொட்டச் சொட்ட உட்கார்ந்திருந்தேன், வயிறு வலிக்கச் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அன்றைக்குத்தான் எனக்குத் தோன்றியது, குடை இவன் கையில் ஒட்டிக்கொண்டுவிட்டது, கீழே போடச் சொல்லி இவனுக்கு யாரும் சொல்லவில்லை. நான்தான் சொல்ல வேண்டும். வாயால் சொன்னால் அழுவான். நடந்து காட்டினால்தான் சரி.

வாய்க்கால் பாலம். வீடுகள் முடிந்து, இரண்டு பக்கமும் வயல். இங்கேயிருந்து மலை வரைக்கும் காற்றைத் தடுக்க ஒரு சுவர் கிடையாது. கணவாய் வழியாக வருகிற காற்று முதலில் இந்தப் பாலத்தைத்தான் தொடும். முழங்கால் உயரத்துக்கு ஒரு கைப்பிடிச் சுவர், அதற்கு அந்தப் பக்கம் சுழித்துக்கொண்டு தண்ணீர். இடது பக்கமிருந்து சாரல் படுக்கை வசமாக வருகிறது. நேராக நடந்தால் முன்பக்கம் முழுக்க நனையும், உப்பு கஞ்சியாகிவிடும். பாலத்தின் முனையில் நின்றேன். மனம் சும்மா இருக்குமா, திரும்பிவிடு என்று நயமாகச் சொல்கிறது. அண்ணன் ஜெயித்தால் என்ன, அவன்தானே. ஆவணியில் பார்த்துக்கொள்ளலாம். சூடாகக் காப்பி கிடைக்கும், மைனி கிளிப்பைக் கழற்றிவிடுவாள். மதுரையைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள், நான் கீரை உருவலாம். மாட்டேன். கிளிப் ஏறி நெஞ்சை அழுத்துகிறது, மூச்சு விடுகிறேன், மாட்டேன். குடை எங்கே இருக்கிறது. முதுகில் இருக்கிறது. அப்படியென்றால் காற்றுக்கு முதுகைக் காட்டு. இவ்வளவு நேரம் இது ஏன் தோன்றவில்லை. கட்டையை ஊன்றி, கொஞ்சம் கொஞ்சமாக, மலைக்கு முதுகைக் காட்டித் திரும்பினேன். காற்று குடைக்குள் புகுந்து என்னை முன்னால் தள்ளியது, வாய்க்காலைப் பார்த்து. ஒரு கணம் தண்ணீர் மட்டும்தான் தெரிந்தது. பிட்டத்தைப் பின்னால் தள்ளி, தலையைப் பின்னால் சாய்த்தேன், குடையும் சாய்ந்தது, காற்று அதன் முதுகில் அறைந்தது. இப்போது என் முன்பக்கம், நம்பவே முடியவில்லை, சாரல் இல்லை. எனக்கு முன்னால் ஒரு ஆள் அகலத்துக்குக் காய்ந்த காற்று. சரி, நண்டு நடை. இடது கட்டையைப் பக்கவாட்டில், பிறகு கால், பிறகு வலது கட்டை. மறுபடியும். யளனகபக. கம்பி வளைகிறது, முனகுகிறது. வளை, ஒடிந்துவிடாதே, உன்னைப் பத்து நாள் யோசித்து வாங்கினேன். தோள் பட்டை சதையில் இறங்குகிறது. பின்னால் மினி பஸ் வருகிற உறுமல் கேட்கிறது, இனி ஹார்ன் அடிப்பான், எங்கள் ஊர் மினி பஸ்காரர்கள் காக்காய்க்கும் ஹார்ன் அடிக்கிறவர்கள், ஹார்னில் நான் பதறினால் தீர்ந்தது. அடிக்கவில்லை. பாலத்துக்கு முன்னாலேயே நின்றுவிட்டான் போலிருக்கிறது. யாரோ என்னமோ கத்துகிறார்கள், காற்றில் வார்த்தை பிய்ந்து போகிறது. நல்ல டிரைவர், நன்றாக இருக்கட்டும். எனக்கு இப்போது கீழே இருக்கிற சிமெண்டு தவிர வேறு உலகம் இல்லை. விரிசல், விரிசலில் பாசி, அதைத் தாண்டி வை. தண்ணீர் சத்தம் குறைந்தது. கைப்பிடிச் சுவர் முடிந்தது. அந்தப் பக்கத்து முதல் வீட்டுச் சுவர் காற்றை வாங்கிக்கொண்டது. மினி பஸ் என்னைக் கடந்து போனது, ஜன்னலில் யாரோ கை காட்டினார்கள். கை காட்ட எனக்குக் கை இல்லை, தலையை ஆட்டினேன், குடையும் சேர்ந்து ஆடியது.

ஜெபமணி டீச்சர் வீட்டு கேட்டில் சாய்ந்து நிற்கிறேன். கக்கம் தீயாக எரிகிறது, சிரிப்பு வருகிறது. வலது கட்டையை கேட்டில் சாத்திவிட்டு, விடுதலையான கையைப் புடவையில் துடைத்து, கிண்ணத்துக்குள் விரலை விட்டேன். மேலே இருக்கிற கல் லேசாக மினுங்குகிறது, அது ஊர் ஈரம், ஜாடியில் இருந்தாலும் இருக்கும். அடியில் விரலை விட்டுக் கிளறினேன். கரகரவென்று இருக்கிறது. காய்ந்த உப்பு. நானே கொண்டுவந்தேன். எனக்கு ஓவென்று கத்த வேண்டும் போலிருக்கிறது. வராந்தாவில் நாற்காலி நகர்ந்தது, டீச்சர் எழுந்து வந்தாள். "வாம்மா, வா வா. இன்னும் பத்தாகல, உன் ராகு காலத்துக்கு முன்னாடியே வந்துட்டே." பிறகு எனக்குப் பின்னால் பார்த்துக் கண்ணைச் சுருக்கினாள். "தனியா வருவேன்னு சொன்னியேம்மா?" தனியாகத்தான் வந்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். பின்னால் சளக் என்று ஒரு சத்தம், தண்ணீர் குடித்த செருப்பின் சத்தம். அந்தக் கால் எனக்குத் தெரியும். கட்டையை எடுத்து ஊன்றி, குடையும் நானுமாக முழுசாகத் திரும்பினேன்.

அண்ணன் நிற்கிறான். முடி நெற்றியில் ஒட்டி, சட்டை உடம்பில் ஒட்டி, வேட்டி முழங்கால் வரை சேறாகி. இடது தோள் மட்டும் இல்லை, இரண்டு தோளும் நனைந்து. கக்கத்தில் குடை, மடக்கியபடி, பட்டன் வைத்த அதே குடை. சொர்ணத்தக்கா யாரிடம் பேசினாள், மினி பஸ் ஏன் நின்றது, எல்லாம் ஒன்றாக இப்போதுதான் விளங்கியது. என் பின்னாலேயே வந்திருக்கிறான், தெரு முழுக்க. எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும். "எண்ணே, கூட ஆளு கெடையாதுன்னு நீதானே சொன்ன?" அவன் தரையைப் பார்த்தான். "நான் எங்கட்டி கூட வந்தேன். பின்னாலல்லா வந்தேன். மினி பஸ்காரன்தான் ஏசிட்டுப் போறான், நடுரோட்டுல கைய விரிச்சிக்கிட்டு நிக்கியேன்னு." "குடைய வச்சுக்கிட்டு எதுக்கு நனையுத? விரிச்சுக்கிட்டு வந்தா என்ன?" அவன் குடையை ஒரு கக்கத்திலிருந்து இன்னொரு கக்கத்துக்கு மாற்றினான். "விரிச்சா ஒனக்குச் சத்தம் கேட்டுருமே" என்றான். டப் என்கிற அந்தச் சத்தம் எனக்கு என்ன என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. அவனுக்கு அது தெரிந்திருக்கிறது. கேட்டிருந்தால் நான் நின்றிருப்பேன் என்பதும் தெரிந்திருக்கிறது. கோபம் போன இடம் தெரியவில்லை. இவனை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று இந்தக் கேட்டுக்கு முன்னால் நின்று எப்படிச் சொல்வது. சொல்லவில்லை. "உள்ள வா" என்றேன். "எங்க?" "குடைக்குள்ள. வாசல் வரைக்கும் நனைஞ்சுக்கிட்டா வருவ." அவன் டீச்சரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், குனிந்து குடைக்குள் வந்தான். கம்பி அவன் தலையில் இடித்தது. நான் நடந்தால்தான் அவன் நடக்க முடியும், நான் நின்றால் நிற்க வேண்டும். கேட்டிலிருந்து வராந்தா வரைக்கும் என் வேகம்தான். "உப்பு?" என்று மெதுவாகக் கேட்டான். "நீயே பாத்துக்க." கையை நீட்டினான். முழங்கையிலிருந்து வழிந்த தண்ணீர் விரல் நுனிக்கு வந்து, கிண்ணத்துக்கு நேர் மேலே, ஒரு சொட்டாகத் திரண்டு நின்றது. நான் பார்த்தேன். அவனும் பார்த்தான். வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டான். "நனையலட்டி. நல்லா இருக்கு" என்றான். அவன் பேச்சு அத்தோடு முடிந்தது, சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். அந்தக் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் முழித்தான். பிடிக்க ஒன்றும் இல்லை, என் பை என் கழுத்தில் இருக்கிறது, குடை என் முதுகில் இருக்கிறது. "பின்னால கட்டிக்க" என்றேன். அவன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு என்னோடு நடந்து வந்தான்.